உடையார்கட்டுப் பானைகளும் எங்கள் கம்பெனிப் பொடியும்

பீங்கானில் கலக்கும் பொடிகளை விற்பது என் தொழில். பெண் பார்க்கப் போன வீட்டில் இதைச் சொன்னபோது மாமனார், "அப்ப பீங்கான் வியாபாரமா?" என்று கேட்டார். "இல்லைங்க, பீங்கானுக்குள்ள போடற பொடி" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, காபி ஆறுகிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். இன்றுவரை உறவுக்காரர்களிடம் மாப்பிள்ளை பீங்கான் வியாபாரம் என்றுதான் சொல்லிவருகிறார். நானும் திருத்துவதில்லை.

எனக்கு ஊர் விருத்தாசலம். அகல்விளக்கிலிருந்து மின்கம்பத்து வெள்ளைக் குமிழ் வரை எல்லாவற்றையும் சுட்டுத் தள்ளும் ஊர். எந்தச் சூளையின் பின்புறம் போய்ப் பார்த்தாலும் எங்கள் கம்பெனியின் காலிச் சாக்கு ஒன்றாவது கிடக்கும். அந்தப் பெருமையில் நாங்கள் கொஞ்சம் அதிகமாகவே வளர்ந்துவிட்டோம்.

இலங்கையின் வன்னியில், உடையார்கட்டு என்ற கிராமத்தில், தண்ணீர் வடிகட்டும் மண்பானை செய்யும் சிறு பட்டறை ஒன்று எங்களிடம் ஒரே ஒரு மூட்டை பொடி வாங்கியிருந்தது. அந்த ஒரு மூட்டைக்கு ஒரு புகார்க் கடிதமும் வந்தது. பொடி கலக்கத் தொடங்கிய பிறகு பானைகள் வெடிக்கின்றனவாம். மேலாளர் என்னைக் கூப்பிட்டு இரண்டு வேலை கொடுத்தார். புகாரை முடிக்க வேண்டும். அப்படியே அந்தப் பகுதியில் நம் பொடிகளுக்குச் சந்தை எப்படி இருக்கிறது என்று ஓர் அறிக்கையும் எழுத வேண்டும். அறிக்கைப் படிவத்தில் மேல்நோக்கிப் போகும் அம்பு ஏற்கெனவே அச்சாகியிருந்தது. ஊர்ப்பெயரை மட்டும் நான் நிரப்பினால் போதும். புகார்ப் படிவத்திலும் 'பயன்படுத்தியவரின் தவறு' என்ற கட்டம்தான் முதலில் இருக்கும். மற்றக் கட்டங்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை வவுனியாவில் பஸ் ஏறினேன். புளியங்குளத்தில் அது நின்றுவிட்டது. எங்கள் பக்கம் பஸ் நின்றால் பயணிகள் அத்தனை பேரும் மெக்கானிக் ஆகிவிடுவார்கள். டிரைவருக்கு யோசனை சொல்லச் சொல்ல அவர் தலை இன்ஜினுக்குள் இன்னும் ஆழமாகப் போகும். இங்கே எல்லோரும் அமைதியாக இறங்கித் தேநீர்க் கடைக்குப் போய்விட்டார்கள். டிரைவர் சிங்களத்தில் கண்டக்டரிடம் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற பெரியவர் எனக்காக மொழிபெயர்த்தார்: "இன்னும் கால் மணித்தியாலமாம்." அந்தக் கால் மணியை அவர் மூன்று முறை மொழிபெயர்க்க நேர்ந்தது. காலை நீட்டி நடக்கலாம் என்று காட்டுப் பக்கம் திரும்பினேன். "தம்பி, அங்கால போகாதேங்கோ. ஆனை நிக்கும்" என்றார். திரும்பி வந்து பால் விடாத ஒரு பிளேன்டீயும் இரண்டு மீன் ரோல்ஸும் வாங்கிக்கொண்டு அவர் அருகில் உட்கார்ந்தேன்.

அவர் துணுக்காயில் வயல் செய்பவர். மடியில் டிராக்டர் பாகம் ஒன்றை பேப்பரில் சுற்றி வைத்திருந்தார். என்ன வேலை என்று கேட்டார். காத்திருந்ததுபோல ஆரம்பித்தேன். வீட்டில் பதிக்கும் தரை ஓட்டில் எங்கள் பொடி இருக்கிறது. கழிவறைக் கோப்பை வார்க்கும்போது மண்குழம்பு இறுகாமல் ஓடுவதற்கு ஒரு பொடி. இன்னும் சுடாத பச்சைத் தட்டு உடையாமல் சூளைவரை போய்ச் சேர ஒரு பொடி. மேலே பூசும் பளபளப்பு வெள்ளையாகத் தெரிய ஒரு பொடி. மோட்டார் சைக்கிள் பிளக், தண்ணீர்க் குழாய்க்குள் இருக்கும் வட்டு, பல் வைத்தியர் மாட்டிவிடும் வெள்ளைப் பல், எல்லாவற்றிலும் உண்டு.

"அப்ப என்ர வாய்க்குள்ளயும் நீங்கள் இருக்கிறியள்" என்று ஒரு கடைவாய்ப் பல்லைத் தொட்டுக் காட்டினார்.

"இருக்கலாம்" என்றேன் அடக்கத்தோடு.

"நல்லது. ஆனா ஒண்டு தம்பி, உங்கட பொடி வாறதுக்கு முன்னமும் சனம் சட்டியில சமைச்சுத்தானே சாப்பிட்டது?"

பஸ் புறப்படுகிறது என்று கண்டக்டர் கத்தியது நல்லதாகப் போயிற்று. மாங்குளத்தில் இறங்கும்போது அவர் டிராக்டர் பாகத்தை மறந்துவிட்டுப் போகப் பார்த்தார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அன்றைய தினத்தில் நான் செய்த ஒரே பயனுள்ள காரியம் அது.

பட்டறையை நடத்துபவர் தவமலர். நாற்பதை ஒட்டிய வயது, வேகமான நடை, கையில் எப்போதும் ஒரு கொப்பி, அதாவது நோட்டுப் புத்தகம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்து நீர்ப்பாசனக் காணியில் குடியேறிய குடும்பம். கணவர் யோகன் நெல் விதைக்கிறார். அவர்கள் வீட்டு முன்னறையில்தான் எனக்குப் படுக்கை. முதல் நாளே "மேடம்" என்றேன். "மேடம் எண்டெல்லாம் சொல்லாதேங்கோ சேர், ஆரோ வந்திருக்கினம் எண்டு திரும்பிப் பாக்கிறன்" என்றார். அதன்பிறகு அவர் எனக்கு அக்கா. நான் அவருக்குக் கடைசிவரை சேர்தான்; எங்கள் ஊர் சார்.

செவ்வாய்க்கிழமை பட்டறையைப் பார்த்தேன். குளத்து அடிமண்ணைக் காயவைத்து இடித்துச் சலிக்கிறார்கள். அரிசி ஆலையிலிருந்து உமியைக் கொண்டுவந்து பொடியாக்கி மண்ணோடு கலந்து பிசைகிறார்கள். ஓர் இரவு ஈரச்சாக்குப் போட்டு மூடிவைத்து, மறுநாள் அச்சில் அழுத்தினால் பூச்சட்டி வடிவில் ஒரு பானை. அதைச் சுடும்போது உமி எரிந்து போய்விடும். உமி இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளையாக நிற்கும். அந்தத் துளை வழியே தண்ணீர் கசிந்து கீழே உள்ள வாளியில் சேரும். சேறும் கிருமியும் மேலேயே தங்கிவிடும். எங்கள் தொழிலில் இதற்குத் துளையாக்கும் சேர்மானம் என்று பெயர். எங்கள் கம்பெனி இதையே நுண்ணிய பிளாஸ்டிக் மணிகளாக அழகான டப்பாவில் விற்கிறது. இங்கே ஆலைக்காரர் எடுத்துக்கொண்டு போனால் சரி என்கிறார். என் அறிக்கையின் முதல் பத்தியை மனதுக்குள்ளேயே கோடு போட்டு அடித்துவிட்டேன்.

"உங்கட பவுடராலதான் வெடிக்குது எண்டு நான் சொல்லேல்லை, சேர்" என்றார் தவமலர். "பவுடர் வந்தாப் பிறகுதான் வெடிக்குது எண்டு சொல்லுறன்."

கொட்டகையின் பின்னால் வெடித்த பானைகள் குவிந்து கிடந்தன. சூளையிலிருந்து நல்லபடியாகத்தான் வருகின்றனவாம். மரத்தட்டில் அடுக்கிவைத்த நாலைந்து நாளில் தாமாகவே வெடிக்கின்றன. நான் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே தட்டிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். அங்கே வேலை செய்த நான்கு பெண்களும் தலையைத் தூக்கவில்லை. தவமலர் மட்டும் எழுந்து போய் அந்தப் பானையை எடுத்து, கொப்பியில் ஒரு கோடு போட்டுவிட்டு, குவியலில் கொண்டுபோய் வைத்தார். எறியவில்லை, வைத்தார். எனக்குச் சங்கடமாக இருந்தது.

அவருடைய நிலைமை இதுதான். பிரதேசத்துப் பள்ளிக்கூடங்களுக்கு நூற்றிருபது வடிகட்டிகள் வேண்டுமென்று கல்வி அலுவலகத்தில் இவரிடம் கேட்டிருக்கிறார்கள். வெடிக்கும் செய்தி அவர்கள் காதுக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை அங்கிருந்து அதிகாரி வருகிறார். காரணத்தைக் காட்ட முடியாவிட்டால் பிளாஸ்டிக் வடிகட்டி வாங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு பட்டறையைப் பூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. முன்பு ஒன்பது பெண்கள் இருந்தார்களாம். இப்போது நாலு பேர். மற்றவர்கள் எங்கே என்று கேட்டதற்கு, "அவை நிண்டிட்டினம்" என்று மட்டும் சொல்லிக் கொப்பியைத் திறந்துகொண்டார்.

வெடித்த பானைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒவ்வொரு வெடிப்பின் நடுவிலும் மிளகு அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. சுண்ணாம்பு! குளத்து மண்ணில் நத்தை ஓடு இருக்கும். ஓட்டுத் துணுக்கு சூளையில் சுண்ணாம்பாகிவிடும். பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதும், பானையைப் பிளக்கும். எங்கள் பொடிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், குதிக்கலாம் போல இருந்தது. ஒரு பெண்ணின் பிழைப்பு கண்முன்னால் குவியலாகக் கிடக்க, நான் சந்தோஷப்பட்டேன். நத்தைதான் காரணம் என்று படம் போட்டு விளக்கினேன்.

தவமலர் முழுவதையும் கேட்டார். "ஓம் சேர். ஆனா அந்த நத்தை முந்தியும் இருந்தது. அதே குளம், அதே மண், அதே சூளை. மூண்டு வருசமா ஒண்டும் வெடிக்கேல்லையே?"

என் சந்தோஷம் ஒரு தேநீர் நேரம்தான் நீடித்தது.

மாலையில் சாப்பாட்டுக்கு அரிசிமாப் புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, பொரித்த மீன், மாங்காய்ச் சம்பல். எங்கள் வீட்டில் எதைச் செய்தாலும் மேலே ஒரு கரண்டி சாம்பார் விழும். இங்கே புட்டையும் சம்பலையும் அதனதன் பாட்டில் விட்டுவிடுகிறார்கள். இரண்டாம் முறை புட்டு வாங்கும்போதுதான் சாமி அலுமாரியைப் பார்த்தேன். படங்களுக்குப் பக்கத்தில் சந்தனப் பொட்டு வைத்த ஒரு மண்பானை.

"அது முதல் சூளையில வந்த முதல் பானை" என்றார் தவமலர். "பாவிக்கேல்லை. அப்பிடியே வச்சிருக்கிறம்."

மூன்று வருடம். அதே மண், அதே நத்தை. ஒரு கீறல் இல்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, அனுமதி கேட்டு எடுத்துப் பார்த்தேன். விளிம்பில் மெல்லிய வெள்ளைப் பூப்பு. எங்கள் தொழிலில் சந்தேகம் வந்தால் நாக்கில் வைத்துப் பார்ப்போம். விருத்தாசலத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சாமி அலுமாரிப் பானையை நான் நக்கியதைப் பார்த்த யோகன் தன் சாப்பாட்டுத் தட்டைச் சற்றுத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உப்பாக இருக்கிறதே?" என்றேன்.

"முந்தின பானையள் அப்பிடித்தான் சேர். முதல் மூண்டு நாள் தண்ணி உவர்க்கும், ஊத்திவிடுங்கோ எண்டு நோட்டீசிலயே அடிச்சிருந்தனாங்கள்." அவர் குரலில் கொஞ்சம் பெருமை வந்தது. "இப்ப அந்தக் குறை இல்லை. சாக்கு மாத்தினாப் பிறகு முதல் தண்ணியே நல்லாயிருக்கு."

என்ன சாக்கு என்று கேட்டேன். பெருமை போய்விட்டது.

நின்றுபோன ஐந்து பெண்களும் முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கத்துக்காரர்கள், கத்தோலிக்கர்கள். மீன்பிடிக் குடும்பங்கள். வீட்டில் கருவாட்டுக்கு உப்பு வாங்கும் சாக்குகளையே அவர்கள் பட்டறைக்கும் கொண்டுவருவார்கள். உமி அள்ளுவதும் அதில்தான், பிசைந்த மண்ணை நனைத்து மூடுவதும் அதில்தான். உப்பு ஊறித் தடித்த சாக்கு ஈரத்தை நன்றாகப் பிடித்துவைக்குமாம். உதவி தரும் அமைப்பு ஒன்றிலிருந்து கொழும்பு அம்மா ஒருவர் பார்க்க வந்திருந்தார். மண்ணை மூடியிருந்த சாக்கின் பக்கம் வந்ததும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். தவமலருக்கு வெட்கமாகப் போய்விட்டது. சாக்கின் சொந்தக்காரி ஜசிந்தா, பெண்களில் மூத்தவர், அச்சு அழுத்துவதில் கெட்டிக்காரி. "உந்த நாத்தச் சாக்கோட இனி உள்ளுக்கு வரக் கூடாது" என்று தவமலர் அவரிடம் அந்த அம்மாவின் முன்னாலேயே சொல்லிவிட்டார். ஜசிந்தா சாக்கை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அவர் பின்னால் நாலு பேர் போனார்கள். மறுவாரம் வெள்ளை வெளேரென்று புதுச் சாக்குகள் வந்தன. எங்கள் பொடி மூட்டையும் அதே வாரம்தான் வந்தது.

படிக்கும் காலத்தில் ஒரு வாத்தியார் போகிறபோக்கில் சொன்ன விஷயம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சுண்ணாம்புத் துணுக்குள்ள மண்ணில் கொஞ்சம் உப்பு கலந்தால், சூளையில் அந்தத் துணுக்கு பக்கத்து மண்ணோடு இறுகிப் பிணைந்துகொள்ளும். பிறகு ஈரத்தைத் தேடாது. பரீட்சைக்கு வராது என்று நாங்கள் எழுதிக்கொள்ளவில்லை. மூன்று வருடமாகப் பட்டறையைத் தாங்கியது கருவாட்டுச் சாக்கு. அதை நாறுகிறது என்று வெளியே அனுப்பியிருக்கிறார்கள்.

தவமலர் நம்பவில்லை. நம்ப விரும்பவில்லை என்றும் சொல்லலாம். "அப்ப பிழை என்னிலயோ, சேர்?" என்றார். சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

புதன்கிழமை காலை, மண்ணில் உள்ளங்கை அளவுக்குப் பன்னிரண்டு வில்லைகள் தட்டினோம். ஆறில் சமையல் உப்பு கலந்து, நகத்தால் ஒரு பிறை கீறினேன். ஆறு வெறும் மண். வன்னி வெயில் அவற்றைக் காயவைத்துக்கொண்டிருக்க, நான் சந்தை ஆய்வுக்குப் புதுக்குடியிருப்புக்குப் போனேன்.

ஓட்டுக் கடைகளில் எங்கள் நாட்டுத் தரை ஓடும் சீனத்து ஓடும் கூரைவரை அடுக்கியிருந்தார்கள். காட்சிக்கு வைத்த குளியலறையில் பூனை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "உங்கட பொடி போட்டா ஓடு விலை குறையுமோ?" என்றார். குறையாது, தரம் கூடும் என்றேன். "இப்ப இருக்கிற தரமே காணும், போதும் அண்ணை" என்று சொல்லி, ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார். எங்கும் புது வீடு எழும்புகிறது. எல்லா வீட்டுக்கும் ஓடும் கோப்பையும் வேண்டும். ஆனால் அவை எல்லாம் வேறு ஊரில் சுட்டு, வேறு ஊரில் பொடி போட்டுத்தான் வருகின்றன. இங்கே மண்ணைச் சுடுகிற இடம் எனக்குத் தெரிந்து தவமலரின் பட்டறை ஒன்றுதான். எனவே வன்னியில் எங்கள் சந்தையின் வருங்காலம் முழுவதும் அந்தப் பெண்மணியின் கையில் இருந்தது. அவரோ என் பொடி மூட்டையை மூலையில் தள்ளி, அதன் மேல் தண்ணீர்க் குடத்தை வைத்திருந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் குடை போய்விட்டது. யாரோ இறங்கும்போது தவறுதலாக எடுத்துப் போனார்கள். தவமலர் அதை என்னைவிடப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டு, அந்தப் பஸ்ஸின் கண்டக்டருக்கு இரண்டு முறை போன் செய்தார். இன்னும் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை வில்லைகளைச் சிறு சூளையில் வைத்துச் சுட்டோம். நெருப்பைப் பார்த்துக்கொண்டு தவமலர் நாள் முழுவதும் அங்கேயே நின்றார். வெடிப்பு தெரிய நாலைந்து நாள் ஆகுமே, அதிகாரி நாளை வருகிறாரே என்று கேட்டார். அதற்கு வழி யோகனிடம் இருந்தது. அவர் நெல் அவிக்கும் பீப்பாய். நீராவியில் வைத்தால் நாலு நாள் ஈரத்தை ஒரு மணி நேரத்தில் ஊட்டிவிடலாம். யோகன் பீப்பாயைத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தார். அதையும் நான் நக்கப்போகிறேனோ என்ற கவலை அவர் முகத்தில் இருந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர், அலுப்பான குரல். "தவமலர், நான் உங்களில பிழை சொல்லேல்லை. எனக்கு வெடிக்காத சாமான் வேணும். அவ்வளவுதான்." பீப்பாய் கொதித்துக்கொண்டிருந்தது. மேலே கம்பி வலை, வலையில் பன்னிரண்டு வில்லைகள், அதன் மேல் மூடி. அவருக்கு உளுந்து வடையும் பிளேன்டீயும் வந்தன. சாப்பிட்டார். கம்பெனி எனக்குக் கொடுத்த படிவத்தில் நான் ஜெயித்தாயிற்று, பொடி நிரபராதி, ஊருக்குக் கிளம்பலாம். ஆனால் அந்தப் பெண் கொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்து, உப்பு மட்டும் கைவிட்டுவிடக் கூடாது என்று தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தேன்.

மூடியைத் திறந்து வில்லைகளை ஆறவைத்தோம். முதல் 'டிக்' கேட்டது. பிறகு இன்னொன்று. வெறும் மண் வில்லைகளில் நாலு பிளந்தன; இரண்டு பிடிவாதமாக இருந்தன. பிறை கீறிய ஆறும் அப்படியே கிடந்தன. இன்னும் அரை மணி பார்ப்போம் என்றார் அதிகாரி. பார்த்தோம். ஆறும் அப்படியே கிடந்தன.

"இவ்வளவுதானோ? உப்போ?" என்றார்.

"இவ்வளவுதான் சார்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இதைச் சொல்லவா கடல் தாண்டி வந்தாய் என்று கேட்காதது அவர் பெருந்தன்மை. தவமலரிடம் திரும்பினார். "சரி. மாத முடிவுக்குள்ள நூற்றிருபதும் வேணும். பிந்தினா நான் ஒண்டும் செய்யேலாது. எத்தினை பேர் வேலை செய்யினம்?"

"ஒன்பது பேர், சேர்" என்றார் தவமலர், கண்ணிமைக்காமல்.

அதிகாரி ஒன்பது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். ஜீப் திரும்பியதும் தவமலர் அச்சு மேடையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "நாலு பேரை வச்சுக்கொண்டு ஒன்பது எண்டு சொல்லிப்போட்டன், சேர். நாலு பேரால அம்பதும் ஏலாது." பிறகு எழுந்து, ஸ்கூட்டர் சாவியைத் தேடினார்.

அந்த இடைவேளையில் என் மேலாளர் போன் செய்தார். விஷயத்தைச் சொன்னேன். "அதை நாம பாக்கெட் போட்டு விக்க முடியுமா?" என்றார். அது உப்பு சார் என்றேன். "பேரு வெச்சுக்கலாம்" என்றார். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். படிவத்தில் கட்டங்களை விட்டுவிட்டு ஓரத்தில் எழுதினேன்: பொடியில் குற்றமில்லை, பொடிக்குத் தேவையும் இல்லை. மேல்நோக்கிய அம்பை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை, அது அச்சானது.

கடற்கரைக்குப் போகும் வழியில் தவமலர் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே தனக்குள் ஒத்திகை பார்த்தார். பின்னால் இருந்த எனக்குத் துண்டு துண்டாகக் கேட்டது. "அக்கா, அண்டைக்கு நான்..." என்று தொடங்கி நிறுத்தி, மறுபடியும் "அக்கா" என்று தொடங்குவார். ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி இருவரும் மணலில் சரிந்தோம். அடி ஒன்றும் இல்லை. ஆனால் ஒத்திகை அங்கேயே சிந்திவிட்டது.

ஜசிந்தா முற்றத்தில் வலைமேல் காயப்போட்ட மீனைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது தாண்டிய, திடமான உடம்பு. எங்களைக் கண்டதும் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து எனக்குப் போட்டார். தவமலரைப் பார்க்காமல் திரும்பவும் மீனிடம் போனார். தவமலர் வெயிலில் நின்றார். நான் சுண்ணாம்பைப் பற்றித் தொடங்கினேன். தவமலர் கையால் என்னை நிறுத்தினார்.

"அக்கா, பானை எல்லாம் வெடிக்குது."

ஜசிந்தாவின் கை நின்றது. அவர் திரும்பியபோது கண்கள் நிறைந்திருந்தன. நான் இதை எதிர்பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும், பிள்ளை. நான்தான் செய்தனான்."

எங்கள் இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவர் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சொன்னார். அன்று பட்டறையிலிருந்து நேரே அந்தோனியார் கோயிலுக்குப் போனாராம். சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு முழங்காலில் நின்றாராம். "என்ர சாக்கை நாத்தம் எண்ட இடத்தில மண் பானையா நிக்கக் கூடாது எண்டு கேட்டனான். பேந்து அடுத்த மாசமே வெடிக்குது எண்டு கேள்விப்பட்டன். எனக்கு நெஞ்சு விறைச்சுப்போச்சு. அங்க நிக்கிற மற்றப் பெட்டையளும் என்னை மாதிரி உழைச்சுத் தின்னுறவைதானே? சாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனத்தில சொன்னன். உங்களிட்டப் போய்ச் சொல்லு எண்டார். வர எனக்கு முகம் இல்லை. அண்டையில இருந்து ஒவ்வொரு செவ்வாயும் மெழுகுதிரி கொளுத்தி, கேட்டதைத் திருப்பி எடுங்கோ எண்டு மண்டாடிக்கொண்டிருக்கிறன்."

நான் விளக்கினேன். சாபம் இல்லை, உப்பு. உங்கள் சாக்கில் ஊறியிருந்த உப்புதான் இத்தனை நாளும் பானையைக் காப்பாற்றியது; சாக்கு போனது, உப்பும் போனது, பானை வெடித்தது. முதல் முறை அவர் கேட்கவே இல்லை. இரண்டாம் முறை, பாவம், ஆறுதலுக்குச் சொல்கிறது என்ற பார்வையோடு கேட்டார். மூன்றாம் முறை, பையிலிருந்து பிளந்த வில்லையையும் பிளக்காத வில்லையையும் எடுத்து அவர் கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூச்சை நீளமாக விட்டார்.

பிறகு என் பக்கம் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டார். "அப்ப தம்பி, அந்தோனியார் நான் கேட்டதைச் செய்யேல்லையோ?"

"இல்லைங்க அக்கா."

அவர் முகத்தில் நிம்மதி இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமும் இருந்ததாகவே எனக்குப் பட்டது.

தவமலர் இன்னும் வெயிலில்தான் நின்றார். "மாத முடிவுக்குள்ள நூற்றிருபது பானை குடுக்கவேணும், அக்கா. ஒன்பது பேர் இருக்கினம் எண்டு சொல்லிப்போட்டு வந்திருக்கிறன்."

"அப்ப அதுக்குத்தான் வந்தனீர்" என்றார் ஜசிந்தா. குரல் மறுபடியும் இறுகிவிட்டது. "வாறம் எண்டு வைப்பம். நாளைக்கு அந்தக் கொழும்பு அம்மா திரும்பி வருவா. வந்து மூக்கைப் பொத்துவா. அப்ப?"

வழியெல்லாம் சொல்லிப் பார்த்த எதுவும் தவமலருக்கு நினைவில் இல்லை என்பது தெரிந்தது. கொப்பியும் கையில் இல்லை. மீனின் மேல் நிழல் விழ, ஒரு அடி கிட்டப் போனார்.

"அக்கா, உண்மையைச் சொல்லுறன். மூண்டு வருசமா உங்களுக்குப் பக்கத்தில நிண்டு அந்தச் சாக்கை நானும் தூக்கினனான். எனக்கு ஒருநாளும் அந்த நாத்தம் மணக்கேல்லை. அவா மூக்கைப் பொத்தினதைப் பாத்தாப் பிறகுதான் எனக்கு மணந்தது."

ஜசிந்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வில்லைகளைப் பைக்குள் போடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, பிள்ளை" என்றார் கடைசியில். "அந்தோனியாரையும் இதுக்குள்ள இழுத்திருக்க மாட்டன். போம், நாளைக்கு முதல் பஸ்ஸில அஞ்சு பேரும் வாறம்."